உன் மாமாவுக்குப் போகாத பாதி

பார்ன்ஸ்லி,
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எப்படி என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளை ஹேமியும் நன்றாக இருப்பீர்கள், வெயில் ஆரம்பித்திருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை, வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன் மறுபடி மக்கர் செய்கிறது, அம்மாவுக்கு இடது முழங்கால் வலி, பள்ளிச் சமையலறையில் நின்றுகொண்டே இருப்பதால் வருவது, உட்கார் என்றால் கேட்பதில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிற நேரமெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் அவள் தம்பி நெவில் பேரை எடுத்தால் என் தொடையைக் கிள்ளுகிறாள். காகிதத்தில் யாரும் கிள்ள முடியாது. அவள் இப்போது அவன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள், திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன வாரம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா, மாமாவோட சமாதானமாகிட்டு வாங்க, முடியலேன்னா வராதீங்க, என் கல்யாணத்துல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில முறைச்சுக்கிட்டு நிக்கிறத என்னால பாக்க முடியாது" என்றாய். பெற்ற மகள் கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை நெவில் சக்டனை வைத்தா முடிவு செய்வது என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா, சிரிக்கவைக்கிற மாமா, அது எனக்குத் தெரியும். எனக்கு அவன் வேறு ஆள். பத்தொன்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த என்னை, புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒருவர் அட்டவணையில் இடமில்லை என்று வெளியே அனுப்பினாரே, நான் கட்டுமானப் பொருள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தேனே, அந்த முதல் வாரமே கிளப்பில் எல்லார் முன்னாலும், "எங்க வாத்தியாரு இப்போ சிமெண்ட் மூட்டைக்கு டியூடர் ராஜாக்கள் கதை சொல்லிக்கிட்டிருக்காரு, மூட்டை கொஞ்சம் மார்க் வாங்கிடும் போல" என்றவன் அவன். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அம்மாவும் சிரித்தாள், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்தத் திருமண வரிச்சலுகை விவகாரத்தில் உன் அம்மா உனக்கு எவ்வளவு சொன்னாள் என்று தெரியவில்லை, மாமாவைக் காப்பாற்றுகிற அளவுக்குத்தான் சொல்லியிருப்பாள். விஷயம் சின்னது. அம்மாவின் சம்பளம் வரி கட்டுகிற அளவுக்கு வருவதில்லை, அவளுக்கு வரியில்லாமல் அனுமதிக்கிற தொகையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதில் ஒரு பங்கை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தால் என் வரி குறையும், நாலு வருடம் பின்னுக்குப் போயும் கேட்கலாம். கேட்க வேண்டியவர் கொடுக்கிறவர், வாங்குகிறவர் இல்லை. இதை நெவில் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். காசு கொடுத்து விளக்கு வெளிச்சத்தில் தோலைக் கறுக்கவைத்துக்கொள்கிற கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்து, வரித்தொகை திரும்ப வாங்கித் தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கிறானே, அதற்கு ஆள் பிடிக்க. "பெவ், ரெண்டே நிமிஷம்தான், உங்க காசு சும்மா கெடக்குது, வாத்தியாருக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றிருக்கிறான். இவள் கையைத் துடைத்துவிட்டு அவன் போன் திரையில் விரலால் தன் பேரைப் போட்டிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் புருஷன் கையெழுத்து. பணம் வந்தால் நேராக நெவில் கம்பெனிக்குப் போகட்டும், அவன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குக் கொடுக்கட்டும் என்று நான் சம்மதிக்கிற இடம் அது. அவன் பங்கு பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. உன் அம்மா அங்கே "லயனல்" என்று என் பேரையும் போட்டுவிட்டாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், உன் பள்ளிக்கூடச் சீட்டில், செத்துப்போனவர் வீட்டுக்கு அனுப்புகிற பூங்கொத்தில் என்று கல்யாணமான நாளிலிருந்து என் பேரையும் சேர்த்து அவள்தான் எழுதுகிறாள், இந்த ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அதே கையோடு இதையும் எழுதிவிட்டாள். இதில் அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், அது யார் கை என்று தெரிந்தவன், அவனை விடமாட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவன் கம்பெனியிலிருந்தே என் போனுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது, உங்கள் பணம் வந்துகொண்டிருக்கிறது, எங்கள் கட்டணம் போக மீதி உங்களுக்கு என்று. அம்மாவைக் கேட்டேன். முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "லயனல், நான் என்னடா பண்ணிட்டேன், பொய்க் கையெழுத்தா இது" என்று அழுதாள். அன்றைக்கே போலீசுக்குப் போயிருப்பேன். கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். நெவிலைப் பிடித்துக் கொடுத்தால் கேட்கப்போகிற முதல் கேள்வி இந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்பது. அவன் அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தான். போன் செய்தபோது, "எதுக்கு வாத்தியாரே கத்துறீங்க, புகார் குடுங்க, தாராளமா குடுங்க, என் அக்காவ உள்ள தள்ளிட்டு அப்புறம் ஞாயித்துக்கிழமை யார் சமைப்பாங்க உங்களுக்கு" என்றான். கோட்டைக் கழற்றி மாட்டினேன்.

அம்மா போட்ட விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும், பணத்தை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கே என் வீட்டு முகவரிக்குக் காசோலையாக அனுப்புங்கள் என்று மட்டும் வரி அலுவலகத்துக்கு எழுதினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, எதையும் விளக்கவில்லை. பதிவுத் தபாலில் போட்டேன். அதன் பிறகு காத்திருப்புதான். என் கடிதம் முந்துமா, அவன் அனுப்பிய சம்மதம் முந்துமா தெரியாது. போன் செய்தால் வரிசையில் இருக்கிறீர்கள் என்று பாட்டுப் போடுவார்கள், கடையில் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாண்ட்விச் தின்பேன், எடுத்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம் பொறுங்கள் என்றார்கள். நெவிலும் அங்கே காத்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் அடிக்கடி கேட்பானாம், "இன்னும் உங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலியே பெவ்?" என்று. அவள் இல்லை என்பாள், அவனுக்கு நிம்மதி, நான் மறுபடி அந்தப் பாட்டைக் கேட்கப் போனை எடுப்பேன்.

சும்மா காத்திருக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் கிளப்பில் டாமினோ ஆடுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் மடிக்கணினியோடு உட்கார ஆரம்பித்தேன். வயதானவர்கள் நிறையப் பேர் நெவிலிடம்தான் கொடுத்திருந்தார்கள். இது அரசாங்கம் இலவசமாகச் செய்கிற வேலை, உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கேட்டால் போதும், யாருக்கும் பாதி கொடுக்க வேண்டாம் என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை, ஒரு கிளாஸ் பீர்கூட வாங்கவில்லை, வாங்கினால் நெவில் அதைப் பிடித்துக்கொள்வான். சுரங்கத்தில் வேலை பார்த்த வில்ஃப் பூத்தை உனக்கு நினைவிருக்கும், குரல் அங்கிருந்து இங்கே கேட்கும். அவர் போன வருடமே நெவிலிடம் பாதியைக் கொடுத்தவர். ஒரு வியாழக்கிழமை நெவில் உள்ளே நுழைந்தபோது எழுந்து நின்று, "டேய் நெவிலு, உன் புதுக் கார்ல பாதி என்னோடதாமே, வாத்தியார் கணக்குப் பாத்துச் சொன்னாரு, எனக்கு ஸ்டியரிங் இருக்கிற பாதியக் குடுத்துட்டு, பின்னாடி உக்காந்து நீ தள்ளு" என்றார். கிளப்பே சிரித்தது. இந்தத் தடவை யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டேன், பழைய அதே ஆட்கள்தான். நெவில் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான். அன்றைக்கு நான் குடித்த மாதிரி ருசியான பீர் இத்தனை வருடத்தில் குடித்ததில்லை, என் காசில் வாங்கியது. உனக்கு அழுதுகொண்டே போன் செய்தானே, அது அதற்கு அடுத்த நாள். மாடி அறையைக் காலி செய்யப்போகிறான் என்று கேள்வி, மறுபடி பழையபடி வீடு வீடாக ஜன்னல் கண்ணாடி விற்கப் போவானாம். போகட்டும், மழையில் வாசல் வாசலாக நிற்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காசோலை வந்தது. என் பேருக்கு, என் முகவரிக்கு, முழுசாக. உன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "போதும் லயனல், ஜெயிச்சுட்ட, விட்டுடு இப்போ, பாவம் அவன்" என்றாள். அப்போதே பேச்சோடு பேச்சாக, உன் கல்யாணத்துக்கு அவளும் அவனும் போவதற்கு எடுத்த விமான டிக்கெட்டைக் காட்டினாள். நான் வரமாட்டேன் என்று கோபத்தில் சொன்ன நாளில் எடுத்தது. நெவில் கெட்டிக்காரன், மூன்று இருக்கை வரிசையில் அவளுக்கு ஜன்னல் ஓரம், தனக்கு நடைபாதை ஓரம் எடுத்திருக்கிறான், நடுவில் இருப்பதை யாரும் எடுக்கமாட்டார்கள், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்றானாம்.

மன்னிக்கிறேன் என்று மட்டும் என்னால் எழுத முடியாது ரோவீனா, உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் உன் கல்யாணத்தில் மூலைக்கொருவராக நின்று முறைக்கமாட்டோம், அதற்கு வாக்குத் தருகிறேன். நெவில் வந்து இறங்கும்போது முறைக்கிற தெம்பு அவனிடம் இருக்காது. ஹேமியின் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கடல் பக்கம் காற்று அதிகம், கல்யாணத்தன்று தோளுக்கு ஏதாவது போட்டுக்கொள். செலவைப் பற்றிக் கவலைப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாக, மனசில் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மாமாவிடம் போனில் பேசினால் இதைப் பற்றி மூச்சு விடாதே, அம்மாவிடமும் வேண்டாம். காசோலைப் பணத்தோடு என் கையிலிருந்து கொஞ்சம் போட்டு நேற்று நானும் டிக்கெட் எடுத்துவிட்டேன். மான்செஸ்டரில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, உன் ஊர்ப் பக்கம் வந்து சேரும்வரை அந்த நடு இருக்கை என்னுடையது. நெவில் கம்பெனியின் நிபந்தனைகள் முழுவதையும் அச்செடுத்து, மூக்குக்கண்ணாடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துப் பொடிசு, அவன் காதோரமாக ஒவ்வொன்றாக, நிதானமாக, வகுப்பில் வாசிப்பது போல வாசித்துக்கொண்டே வருவேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
லயனல் ஆக்ராய்ட்