வாக்கு இல்லாத உறுப்பினர்

1997 அக்டோபர் 14, செவ்வாய்
மழை. பள்ளிப் பேருந்து தாமதம். சமூக அறிவியல் வகுப்பில் சீட்டெடுத்தோம். ஆளுக்கு ஒரு அமெரிக்க காங்கிரஸ் சபை உறுப்பினர், வெள்ளிக்கிழமை அவரைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வந்தவர் பசிபிக் நடுவே ஏதோ ஒரு தீவின் பிரதிநிதி. இனி தீ.பி.

தமிழில் எழுதுவது தம்பி படிக்காமலிருக்க. அவனுக்கு ‘அ’கூடத் தெரியாது.

சாயங்காலம் அப்பா ஈரோட்டுச் சித்தப்பாவிடம் போனில்: “ஜூன்ல அனுப்பிச்சர்றேன்டா. வயசுக்கு வந்த புள்ள, இங்க வேண்டாம். அங்கயே ஹாஸ்டல்ல படிக்கட்டும்.”

என்னைத்தான். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அக். 15, புதன்
குளிர். ஜியாமெட்ரி டெஸ்ட் மோசம். பிறகு நூலகம்.

தீ.பி.: எட்டு வருடமாகப் பதவி. ஊர் போய்ச் சேர விமானத்தில் ஒரு நாள். சபையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. தீவு அமெரிக்காவுடையது, ஆனால் மாநிலம் இல்லை. இருந்தும் ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாம் வாங்கித் தந்திருக்கிறார். எப்படி? கமிட்டியில் அவருக்கு வாக்கு உண்டு. விஷயம் சபைக்கு வருமுன்பே அங்கே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசிவிடுவாராம்.

அப்பாவிடம் நேரே கேட்கப் பயம். முதலில் அம்மா.

அக். 16, வியாழன்
பால் தீர்ந்துவிட்டது. எடிசன் ஊர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் இல்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். கை நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

“என்னையும் யாரும் கேக்கல கண்ணு. சொன்னாங்க, அவ்வளவுதான்.”

மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் சட்டை ஒன்றையே இரண்டு தடவை. அம்மாவுக்கும் வாக்கு இல்லையென்றால் இனி யாரிடம் போவது?

அக். 17, வெள்ளி
வெயில். வகுப்பில் பேசினேன். வாக்கே இல்லாதவருக்குச் சம்பளம் எதற்கு என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பேசுவதற்கு என்றேன். ‘பி’ கிரேடு போட்டார் டீச்சர்.

இரவுச் சாப்பாடு ரசம், அப்பளம். அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: “ஏனுங்க, ஜூன்ல இவளுக்கு டிக்கெட் போட்டா எனக்கும் பையனுக்கும் சேர்த்தே போட்டுருங்க.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். என்னையும் தம்பியையும் மாடிக்குப் போகச் சொன்னார்.

இன்னும் கீழே விளக்கு எரிகிறது. அம்மாவின் குரல் கேட்கிறது. நிற்கவே இல்லை.