பதினாலு மொட்டும் ஒரு யன்னல் சீலையும்

உவர்மலை,
திருகோணமலை.
14.03.1998

அன்புள்ள மகள் கௌசலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

கோணேசர் துணையால் நாங்கள் இருவரும் சுகம். இதுவரை எழுதிய கடிதங்களில் சுகம் என்ற சொல்லை வழக்கத்துக்காகப் போட்டேன், இந்த முறை உண்மையாகவே போடுகிறேன். நீயும் மருமகனும் சின்னவனும் அந்தப் பனிக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்துவிட்டது. முந்தநாள் டொக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொல்லிவிட்டார். இந்த நல்ல செய்தியோடு ஒரு குற்றத்தையும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லித் தப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அறை யன்னலுக்கு என்ன சீலை போட்டீர்கள் என்று நீ கேட்டதற்குப் பதில் எழுதப் போனால் அது நடுவிலேயே வந்து நிற்கிறது.

நீ ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஊரடங்கு நாட்களில் வீட்டில் அடைபட்டிருந்தபோது, நான் துறைமுகக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்த உடைந்த தேயிலைப்பெட்டிப் பலகையில் மெல்லிய வாளால் கொடியும் மொட்டுமாக அறுத்து, எங்கள் படுக்கையறை யன்னல் இரண்டுக்கும் சட்டத்தைச் சுற்றி அடித்தாயே, அந்தக் கொடியில் ஒரு முழத் துண்டு இப்போது இல்லை. துறைமுகத்தைப் பார்த்த யன்னலின் இடது பக்கம். இங்கே நேவிக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போடுவது உனக்குத் தெரியும், ஏன் எதற்கு என்று கடிதத்தில் எழுதத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் வீடு ஒருமுறை குலுங்கும், ஆணி ஒரு நூல் இளகும். போன ஐப்பசியில் ஒரு காலை அம்மா அயலாரின் கையைப் பிடித்துக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பெரிதாக ஒன்று போட்டார்கள், யன்னல் கதவு அடிபட்டு, அந்தத் துண்டு சீமெந்துத் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. அந்த நாளில் அம்மாவுக்குப் பார்வை நன்றாக மங்கிவிட்டது, என்னையே குரல் கேட்டுத்தான் அடையாளம் பிடிப்பார். நீ போன பிறகு அந்தக் கொடியைத் தூசு தட்டுவதில் அவருக்கு இருந்த கவனம் எனக்குத்தான் தெரியும், எனக்குச் சோறு போட மறந்தாலும் அதை மறக்கமாட்டார். கண்ணும் போகிற நேரத்தில் இதையும் சொல்லி ஏன் நோகடிப்பான் என்று துண்டுகளைப் பொறுக்கி என் றங்குப்பெட்டியில் பழைய வேட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை. அது பிழை, மகள்.

பிறகு தை மாதம் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்தது. இரண்டு கிழமைக்காவது வெளிச்சம் கூசாமல் அறை இருட்டாக இருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். எங்கள் அறைக்குள் பின்னேர வெயில் துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறித்து வருவது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அந்த நாட்டுப் புத்தகத்திலிருந்து வெட்டி அனுப்பிய யன்னல் சீலைப் படத்தையும் கொண்டு முனாப்பின் துணிக்கடைக்குப் போனேன். மெல்லிய வெள்ளை லேஸ் போட்டால் மரவேலை மறையாமல் அழகாக இருக்கும் என்று நீ எழுதியது சரிதான், ஆனால் லேசுக்குள்ளால் எங்கள் வெயில் சிரித்துக்கொண்டு வரும். அம்மாவுக்குப் பச்சை விருப்பம், கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். முனாப்தான் பச்சை இப்ப வேண்டாம் ஐயா, ஆமி செக்கிங் வந்தா அந்தக் கலர் துணி எதுக்கு எண்டு கேட்டுக் கரைச்சல் தருவாங்கள் என்று தடுத்தார். தன் கடையில் இருந்த தடித்த துணிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சாண் வெட்டித் தந்து, அக்காவே பார்த்து எடுக்கட்டும் என்று விட்டார். பார்வை இல்லாதவர் எப்படிப் பார்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டு வர, அம்மா ஒவ்வொரு துண்டையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றார். கண் கூசாத துண்டை எடுத்து இதுதான் என்றார். கடும் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு நிறம். நாற்பது வருசம் தேயிலைப்பெட்டி எண்ணினவனுக்கு வீட்டுக்குள்ளும் அதே நிறம்தான் விதித்திருக்கிறது.

நிறத்தில் சண்டை இல்லை, எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் வந்தது. சட்டத்துக்கு உள்ளே ஸ்பிரிங் கம்பி இழுத்து அளவாகப் போட வேண்டும், பிள்ளை அறுத்த கொடி வெளியில் தெரியவேண்டும் என்று அம்மா. கொடிக்கும் வெளியே, இரண்டு பக்கமும் அரை அடி கூட்டி, நிலம் முட்டப் போடவேண்டும் என்று நான். கரையால் வெளிச்சம் வந்தால் கண்ணுக்குக் கூடாது என்று டொக்டரையும் துணைக்கு இழுத்தேன். அம்மா உடனே, சரி, உங்கட விருப்பம் என்றார். கல்யாணம் கட்டிய இத்தனை வருசத்தில் அவர் இவ்வளவு கெதியாக என்னோடு ஒத்துப்போனதில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

தைத்துத் தந்தது மூதூர் றஹ்மா. குடாவைக் கடந்து லோஞ்ச் படகில் வந்து அளவெடுத்தபோது உடைந்த இடத்தைக் கண்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்தேன். அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, அம்மாவோடு கதைக்கக் குசினிக்குப் போய்விட்டார். அம்மாவை ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட இருந்த கிழமை லோஞ்ச் நாலு நாள் ஓடவில்லை. நான் படுக்கை விரிப்பை யன்னலுக்கு ஆணியடிக்கிற யோசனையில் இருக்க, ஐந்தாம் நாள் முதல் லோஞ்சில் றஹ்மா சீலைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். இறங்குதுறைச் செக்கிங்கில் பொதியைப் பிரித்து உதறிப் பார்த்திருக்கிறார்கள், திரும்பவும் மடித்து எங்கள் வீட்டில் வந்து இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். இடது கரை அசையாமல் நான் மூன்று ஆணி அடித்தேன். முனாப்பையும் றஹ்மாவையும் நீ நன்றியோடு நினைத்துக்கொள்ள வேண்டும். ஊர் எப்படிக் கிடந்தாலும் எங்களுக்கு மனிசர் இருக்கிறார்கள்.

முந்தநாள் பின்னேரம் அம்மா கட்டிலில் இருந்தபடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் என்னைப் பார்த்து, இவ்வளவு நரைச்சுப் போச்சே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாவதாக, அந்த ஆணியைப் பிடுங்குங்கோ என்றார். வெளிச்சம் கூடாது என்று தொடங்கினேன். வெயில் விழுந்திட்டுது, பிடுங்குங்கோ என்றார். பிடுங்கிச் சீலையை ஒதுக்கிவிட்டு, ஐப்பசி மாத வெடியைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். நான் கடைக்குப் பாண் வாங்கப் போகிற நேரம் யன்னல் திறப்பது அவர்தானாம், திறக்க முன் தினமும் அந்தக் கொடியை விரலால் தடவி மொட்டு எண்ணுவாராம், பதினாலு. கோயிலுக்குப் போய்வந்த அடுத்த நாள் பதினொன்று. ஐந்து மாதமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் மறைக்கிறதுக்குப் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாய்க் கிடந்தது, றஹ்மாவிட்டையும் அவர் சொல்லுற அகலத்திலேயே தையுங்கோ எண்டு நான்தான் சொன்னனான் என்றார். கண் தெரியாதவன் நானாகத்தான் இருந்திருக்கிறேன், மகள்.

துண்டுகளைப் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன், வேண்டாமாம், அறுத்தவளே அறுக்கட்டுமாம். இத்துடன் உள்ள தாளை மடிக்காமல் எடு. மிச்சக் கொடியின் மேல் தாளை வைத்து, அந்த மூன்று மொட்டும் எப்படி இருக்கவேண்டும் என்று அம்மா தன் கையால் பென்சிலால் கீறியது. அங்கே நல்ல பலகை கிடைக்கும், அறுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கோ என்றார். தபாலில் உடைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். கையோடு கொண்டுவந்தால் உடையாது. எப்போது என்று நான் கேட்கவில்லை, நிலைமை பார்த்துத்தான் வரவேண்டும். சீலை இப்போது சட்டத்துக்கு உள்ளே, அம்மா சொன்ன இடத்தில் தொங்குகிறது. அகலம் கூடிப்போனதால் நிறையச் சுருக்கு விழுந்து அழகாகத்தான் இருக்கிறது.

சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. மருமகனை விசாரித்ததாகச் சொல். பத்திரகாளி அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். கீழே அம்மா எழுதவேண்டுமாம், அதனால் இடம் விட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
தம்பிராசா

மகள், இரண்டு வருசத்துக்குப் பிறகு எழுதிறன், வரி நேராய் வந்திருக்கோ தெரியேல்லை. மூண்டு மொட்டுத்தான் குறை, மிச்சம் எல்லாம் இருக்கு. அப்பாவை ஏசாதை.
அம்மா