விருப்பப் பாடத்துக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

அகில உலக இயந்திரங்களுக்கும் மாமன்னனே, என் அருமை மச்சான் குமரேசா,

உன் மகள் கயல்விழி ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு விருப்பப் பாடம் எடுத்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்குள் நான் தேய்ந்த தேய்வில் என் சட்டையே என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்னாயே, "படிச்ச படிப்பையே எடும்மா, மெக்கானிக்கல் உன்னைக் கைவிடாது" என்று. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு முறை அதையே எழுதினாள். இரண்டு முறையும் மற்றத் தாள்கள் அவளைக் கரைவரை கொண்டுவந்தன, இது பிடித்து இழுத்துக் கவிழ்த்தது. வயதுக் கணக்கில் இந்த வருடம்தான் கடைசி.

பகலெல்லாம் மறைமலைநகரில் வேலை. படிப்பு கம்பெனி பஸ்ஸில். மெக்கானிக்கல் புத்தகத்தைத் திறந்தால் பஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். போன மாதம் தோழி கொடுத்த சமூகவியல் புத்தகத்தைப் படித்தபடி வந்தவள், சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்க மறந்து நான் இருக்கும் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள். நான்தான் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். நீ போன பிறகு அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அப்புறம் இன்னா, அதையே எடுத்துக்கயேன்" என்றேன்.

"அப்பா சொல்லிட்டுப் போனது ஒண்ணு கீதே மாமா."

நீ இருந்தால் உன்னோடு சண்டை போடலாம். போட்டோவோடு எப்படியடா போடுவது?

அப்புறம் ஆலோசனைப் படையெடுப்பு. உன் கல்பாக்கத்து சிநேகிதர்கள் முதல் மதுராந்தகத்து உறவுவரை எல்லோரும் வந்தார்கள். மாமல்லபுரத்து அலைகூட நடுவில் மூச்சு வாங்கும், இவர்கள் வாங்கவில்லை. கடைசியில் என் தங்கை, உன் பெண்டாட்டிதான், "அவரையே கேட்டுடுவோம்ணா" என்று உன் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தாள். சிவப்பு அரளி மெக்கானிக்கல், வெள்ளை அரளி சமூகவியல். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் குலுக்கிப் போட்டாள். கயல் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

"சரி" என்றாள். அவ்வளவுதான். விண்ணப்பத்தை நிரப்ப லேப்டாப்பைத் திறந்தாள். மச்சான், ஏழு கடலையும் தலையில் சுமந்து வந்தவள் சொல்வது போல இருந்தது அந்த "சரி". அழுதிருந்தால்கூடத் தேவலை.

உன் பெண்டாட்டி உன் படத்தைக் கையால் காட்டினாள்.

"இந்த ஆளு உசுரோட இருக்கசொல்ல, பச்சைப் புடவை கேட்டா நீலம் வாங்கினு வருவாரு. நான் மாத்தினு வந்து கட்டிக்கல? உனக்கு எது வேணுமோ அதைப் போடுடி."

"பூ வந்துடுச்சேம்மா."

"வந்தா வரட்டும். அது அவரு இஷ்டம். பரிட்சை எழுதப் போறது நீ."

கயல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு சமூகவியலைப் போட்டாள். அனுப்பி முடித்ததும் உன் படத்தின் பக்கம் திரும்பாமலே எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உனக்குக் கோபமா? இருந்தால் என்மேல் காட்டு. நான் தாங்குவேன், எனக்கு வேறென்ன வேலை?

தேறுவாளா, தெரியாது மச்சான். தேறாமல் போனால், "அப்பன் பேச்சைக் கேட்டிருந்தா" என்று எவன் ஆரம்பித்தாலும், அந்த எவன் நானாகவே இருந்தாலும், வாக்கியம் முடிவதற்குள் வாசலுக்கு வெளியே நிற்பான். உன் பெயரைச் சொல்லி இனி யாரும் அவளை எதுவும் எழுதவைக்க மாட்டார்கள். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், கயலுக்குத் தாய்மாமன்,
தணிகாசலம்