எங்கள் வீடு கல்லூரி அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
திருமதி அபிதகுஜாம்பாள்,
திரு. வைத்தீஸ்வரன் அவர்களின் மனைவி,
கதவு எண் 11, இரண்டாவது குறுக்குத் தெரு,
மேற்குத் தாம்பரம், சென்னை - 600 045.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
அஞ்சல் வழி உயர்கல்வி ஒழுங்குமுறைப் பிரிவு,
சென்னை.

பொருள்: அஞ்சல் வழிக் கல்வி – ஒரே முகவரியில் பதினான்கு மாணவர்கள் பதிவு – அனுமதியற்ற பயிற்சி நிலையம் எனக் கருதித் தேர்வு நுழைவுச் சீட்டுகளை நிறுத்தி வைத்தது – உடன் விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணையும் அதனுடன் இணைத்த ஆய்வறிக்கையும், நாள் 24-2-1975.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் ஆணை கடந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "மேற்படி நிலையத்தின் தலைவர் அபிதகுஜாம்பாள்" என்று அதில் கண்டிருந்தது. வாசற்கதவைப் பிடித்தபடியே இரண்டு தடவை படித்தேன். என் கணவர் ஒரே தடவை படித்துவிட்டு, கல்லூரி ஆரம்பித்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அவர் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவர். தட்டச்சு செய்து கையொப்பமும் போட்டிருந்தால் எதையும் நம்பிவிடுவார். ஆகவே இந்த மனு தங்கள் பார்வைக்கு மட்டுமல்ல, ஓரளவு அவர் பார்வைக்கும் எழுதப்படுகிறது.

2. எனக்கு வயது முப்பத்தாறு. பி.யு.சி. தேறிய பத்தாம் நாள் எனக்குத் திருமணம் நடந்தது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் நான் படித்தவை பஞ்சாங்கமும் மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதங்களுமே. 1972-ஆம் ஆண்டு அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கலாம் என்று செய்தித்தாளில் பார்த்து, அன்றைக்கே விண்ணப்பம் வரவழைத்துச் சேர்ந்தேன். வருகிற ஏப்ரல் 9-ஆம் தேதி இறுதியாண்டுத் தேர்வு தொடங்குகிறது. என் நுழைவுச் சீட்டும், என் முகவரியில் பதிவு செய்துள்ள மற்ற பதின்மூன்று பேரின் நுழைவுச் சீட்டுகளும் தங்கள் ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. இன்றிலிருந்து எண்ணினால் இருபத்தாறு நாட்களே உள்ளன.

3. பதினான்கு பேர் ஒரே முகவரியில் எப்படி என்று தாங்கள் கேட்பது நியாயமே. தாம்பரத்தைச் சுற்றி வீடுகள் வந்த வேகத்துக்கு விலாசங்கள் வரவில்லை ஐயா. முடிச்சூர்ப் பக்கம் மனை வாங்கிக் குடியேறியவர்களுக்குச் சர்வே எண் உண்டு, கதவு எண் கிடையாது. அஸ்தினாபுரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக உள்ள செல்வி ஹில்டா அவர்கள் குடியிருக்கும் தெருவில் மூன்று வீடுகளுக்கு எண் நான்கு. அவருடைய பொருளாதாரப் பாடம் முதல் வருடம் முழுவதும் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரும் நல்ல மனிதர், பாதி படித்துவிட்டே திருப்பிக் கொடுத்தார். இவர்கள் எல்லோரும் மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, என் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ரயிலில் என் கையில் பாடப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அடுத்த வாரம் இரண்டு பேர். கடைசியில் எல்லோரும் என் விலாசத்தையே கொடுத்துவிட்டு, மாலையில் வேலை விட்டு வரும்போது பாடத்தை வாங்கிப் போகத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டாக இதுதான் நடைமுறை. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

4. ஒளிவு மறைவு இல்லாமல் போனதுதான் வினையாயிற்று. எங்கள் பகுதித் தபால்காரர் திரு. சேட்டு ஒரு நாள் பாடக் கட்டுகளைச் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது இது: "யம்மா, பதினாலு பேரையும் பட்ச்சிப் பட்ச்சி எனக்குக் கண்ணே பூடுச்சி. வாசல்ல ஒரு போர்டு மாட்டிடுங்கோ. நான் பாத்ததும் போட்டுட்டுப் போய்கினே இருப்பேன். உள்ள நீங்களே பிரிச்சிக்கோங்கோ." அவர் சிரமத்தைப் பார்த்து என் மகள் காமு ஓர் அட்டையில் "அஞ்சல் வழிப் பாடங்கள் இங்கே கிடைக்கும்" என்று எழுதித் தொங்கவிட்டாள். அது கடை விளம்பரம் போல இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. அப்போது எழுத்து வரிசையாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம். என் கணவர் பழைய பெட்டிப் பலகைகளை அறுத்துப் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு தட்டு செய்து, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, கூடத்துச் சுவரில் மாட்டினார். இதைச் செய்தவரே பிற்பாடு கல்லூரி ஆரம்பித்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடிப் படிப்பதும் உண்மை. மாதா கோயில் பூசை முடிந்து வருபவர்களும், வீட்டில் எண்ணெய்க் குளியல் முடித்து வருபவர்களும் பதினோரு மணிக்கு ஒன்று சேர்வோம். யாருக்கு எது தெரியுமோ அதை மற்றவர்களுக்குச் சொல்லித் தருவது வழக்கம். திரு. ஏசுதாசன் தோல் கிடங்கு ஒன்றில் கணக்கர். ஆங்கிலம் அவர் பொறுப்பு. தமிழ் என் பொறுப்பு. ஹில்டா சரித்திரம் சொன்னால் ராஜாக்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுவிட்ட உறவு போலத் தோன்றும். உட்காருவதற்கு மாதா கோயில் மண்டபத்திலிருந்து இரண்டு பெஞ்சு இரவல் வாங்கியிருக்கிறோம். சர்க்கரைக்கு உள்ள தட்டுப்பாட்டில் பதினான்கு பேருக்குக் காப்பி போட என் ரேஷன் போதாது என்பதால், ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை கொண்டுவருவார்கள்.

6. இந்நிலையில் கடந்த பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிறு, தங்கள் ஆய்வாளர் திரு. தோத்தாத்ரி அவர்கள் வந்தார். தாம் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று அட்டையை நெடுநேரம் பார்த்தார், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினார், கையில் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். வயதான பிறகு படிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் அப்படித்தான் வருவார்கள். ஏசுதாசன் மூன்று ஞாயிறு தெருமுனை வரை வந்து திரும்பிப் போனவர். ஆகவே இவரும் சேர வந்து கூச்சப்படுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பிழை என்னுடையதே.

7. கூச்சத்தைப் போக்குவதற்காக நான் செய்தவை: அவரை உள்ளே அழைத்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். சர்க்கரை தாராளமாகப் போட்டுக் காப்பி கொடுத்தேன். "வயசைப் பாக்காதீங்கோ சார், நாங்க பதினாலு பேரும் இங்கதான் படிக்கறோம், பதினஞ்சாவதா நீங்க வாங்கோ" என்றேன். கட்டணம் உண்டா என்று அவர் கேட்டதற்கு, ஒரு பொட்டலம் சர்க்கரைதான் கட்டணம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பாடம் நடத்துவது யார் என்றதற்கு, நாங்கள் எல்லோருமே பேராசிரியர்கள்தான் என்றேன். பொறுப்பு யார் என்றதற்கு, நான்தான் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவு அக்கறையான மாணவர் என்று எல்லோரும் வியந்தோம்.

8. தங்கள் ஆணையுடன் இணைத்த அறிக்கையில் இவை அனைத்தும் இருக்கின்றன. விளம்பரப் பலகை உள்ளது. மாணவர் பெயர் பொறித்த அடுக்கு உள்ளது. ஆசிரியர்கள் பலர். கட்டணம் பொருளாக வசூலிக்கப்படுகிறது. ஆய்வுக்கு வந்த அலுவலரையே சேர்த்துக்கொள்ள முயற்சி நடந்தது. இதில் ஒரு வரிகூடப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். நான் சொன்ன விதத்தை எழுத அறிக்கையில் இடமில்லை போலும். ஆனால் "விண்ணப்பப் படிவம் ஒன்று கைப்பற்றப்பட்டது" என்பதை மட்டும் பணிவுடன் மறுக்கிறேன். புறப்படும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "நாப்பத்தாறு வயசுக்கு மேல இதெல்லாம் தலையில ஏறுமாம்மா?" என்று கேட்டார். ஏறும் என்று சொல்லி, படிவத்தை நானே கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது சான்றுப் பொருள் என்றால் கோப்பில் இருக்கட்டும். வேறு எண்ணத்தில் வாங்கியிருந்தால், அனுப்பக் கடைசித் தேதி ஜூன் முப்பது என்று அவரிடம் தயவுசெய்து தெரிவிக்கவும்.

9. ஒரே முகவரியில் ஐவருக்கு மேல் பதிந்திருந்தால் அனுமதியற்ற நிலையமாகக் கருத வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. மாடி அறை ஒன்றைப் பிடித்து, மேசை நாற்காலி போட்டு, பட்டம் நிச்சயம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். அவர்களை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஆளுக்கொரு பொய் விலாசம் கொடுத்துத் தப்பியிருப்பார்கள். விலாசமே இல்லாதவர்கள் கூடி ஓர் உண்மையான விலாசத்தைக் கொடுத்தால் விதி எங்களைப் பிடித்துக்கொண்டது.

10. இது தொடர்பாக நான் மார்ச் 3, மார்ச் 10 ஆகிய தேதிகளில் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். எழுத்தர் மிக மரியாதையாக நடந்துகொண்டார். நிலையம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கோப்பை முடித்துவிடலாம் என்றார். உடனே எழுதிக் கொடுத்தேன். அதில் நிலையத்தின் தலைவர் கையொப்பமும் நிலையத்தின் முத்திரையும் இருந்தால்தான் செல்லும் என்று திருப்பிக் கொடுத்தார். இல்லாத நிலையத்துக்கு முத்திரை செய்து வைத்துக்கொண்டு, நிலையம் இல்லை என்று அதனாலேயே குத்திக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முத்திரை செய்பவரும் சிரிப்பார்.

11. இதுவரை எழுதியதில் தாங்களும் ஓரிடத்தில் சிரித்திருக்கலாம். இனி எழுதுவதில் சிரிக்க எதுவும் இல்லை. எங்களில் திரு. ஜெயவேலு என்பவர் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பர். தண்டவாளத்து ஓரத்துக் கொட்டகைக்கு விலாசம் கிடையாது. ரயில் வராத இடைவெளியில் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு படித்தவர். பட்டம் பெற்ற ஊழியர்கள் எழுத்தராகப் போக அவர் துறையில் ஒரு தேர்வு உண்டு. அதற்கு நாற்பது வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். வருகிற ஜூலை பதினெட்டாம் தேதி அவருக்கு நாற்பது முடிகிறது. ஏப்ரலில் எழுதினால் ஜூனில் முடிவு வரும், ஜூலையில் மனுப் போடலாம். அடுத்த ஆண்டு எழுதினால் பட்டம் இருக்கும், அவர் கேட்டிலேயே இருப்பார். ஆணையைப் படித்துக் காட்டியபோது அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் அந்த சார் நல்லா எழுதிகினு இருந்தாரே, நல்லதுன்னுதான் நெனச்சேன்க்கா" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். என் வாய்க்கொழுப்பால் ஒருவருக்கு இப்படி ஆனதை நினைத்து இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

12. ஆகவே பதினான்கு நுழைவுச் சீட்டுகளையும் தேர்வுக்கு முன் விடுவிக்க வேண்டுகிறேன். விசாரணை முடிய நாளாகும், யாராவது ஒருவரை நிறுத்தி வைத்தால்தான் கோப்பு நிற்கும் என்றால், தலைவர் என்று எழுதப்பட்ட என்னுடையதை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்ற பதின்மூன்றையும் அனுப்பிவிடுங்கள். இதை மனப்பூர்வமாக எழுதுகிறேன். வருத்தம் இல்லாமல் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் நான் இன்னாருடைய மனைவி. அரசாங்கக் காகிதம் ஒன்றில் என் பெயர் தனியாக வந்தது தங்கள் ஆணையில்தான், அதுவும் குற்றவாளியாக. அடுத்தது பட்டச் சான்றிதழாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் தள்ளிப் போனால் நான் பொறுத்துக்கொள்வேன், எனக்கு வயது வரம்பு இல்லை.

13. மீண்டும் இந்தக் குழப்பம் வராமலிருக்க, சீட்டுகளை விடுவித்தால் ஒவ்வொருவருடைய வீட்டு விலாசத்துக்கும் தனித்தனியே அனுப்பலாம் என்று தங்கள் அலுவலகத்தில் யோசிப்பதாக எழுத்தர் சொன்னார். ஐயா, அப்படிச் செய்துவிடாதீர்கள். ஹில்டாவின் சீட்டு கோழிப்பண்ணைக்குப் போகும், ஜெயவேலுவின் சீட்டு தண்டவாளத்தைத் தேடிக்கொண்டிருக்கும். விதிப்படி குற்றமாகவே இருந்தாலும் எல்லாச் சீட்டுகளையும் கதவு எண் 11-க்கே அனுப்புங்கள். இங்கே வந்தால் அன்று மாலையே அவரவர் கைக்குப் போய்விடும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி வாசலைப் பார்த்தபடி இருக்கும்,

அபிதகுஜாம்பாள்
பி.ஏ. இறுதியாண்டு

இடம்: மேற்குத் தாம்பரம்
நாள்: 14-3-1975

இணைப்பு: மற்ற பதின்மூன்று பேரின் பணியிட, குடியிருப்புச் சான்றுகள், தபால்காரர் திரு. சேட்டு கைப்பட எழுதித் தந்த குறிப்பு. வாசலில் இருந்து கழற்றப்பட்ட அட்டை ஒன்று.