அப்பாவுக்கு முப்பத்து நான்கு, மகனுக்கு ஐம்பத்தெட்டு

மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளைச் சட்டையை இடுப்புப் பக்கம் மறுபடியும் பிரித்துத் தைத்தேன். இந்த வருஷத்தில் மூன்றாவது முறை. உள்ளே மடித்து விட்டிருந்த துணி இன்றோடு தீர்ந்தது. மாமாவிடம் சொன்னால், "துணி சுருங்கியிருக்கும்மா. நீ ரொம்ப நேரம் ஊற வைக்கிறே" என்கிறார். சட்டையைத்தான் குற்றம் சொல்கிறார். நல்லவேளை, என்னைப் பாதிதான் சொன்னார்.

எழுதிப் பார்த்தால்தான் எங்கள் குழுவின் லட்சணம் புரிகிறது. மாமா, அதாவது அக்காவின் கணவர், எங்கள் முதலாளி. நாடகத்தை எழுதியவரும் அவரே, கதாநாயகனும் அவரே. வயது ஐம்பத்தெட்டு. 'வீடு மாறி வந்த மாப்பிள்ளை'யில் இருபத்தைந்து வயது மாப்பிள்ளையாக இருபத்திரண்டு வருஷமாக நடித்துக்கொண்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது அக்கா மணப்பெண். மாப்பிள்ளையின் அப்பாவாக வருகிறவனுக்கு முப்பத்து நான்கு. வெள்ளைத் தாடி ஒட்டி ஒட்டி அவன் பெயரே தாடி ஆகிவிட்டது. தாடியின் மனைவிக்கு வேலைக்காரி வேஷம். வேன் ஓட்டுகிறவர்தான் விளக்குகளையும் பார்த்துக்கொள்கிறார். நான் மேடையில் நிற்கும் மர அலமாரிக்குள் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். பதினாறு வருஷமாக அலமாரி வாசம்.

மார்ச் 5, வியாழன்

வினை வந்துவிட்டது. நேற்று அரங்கத்துக்கு ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். கதாநாயகனுக்கு என்ன வயது என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். இன்று காலை பேப்பரில், மாமாவின் படத்துக்குக் கீழே: '58 வயதிலும் மாப்பிள்ளை.'

பாராட்டித்தான் எழுதியிருந்தாள். மாமா டீக்கடையில் நின்றபடி படித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 6, வெள்ளி

"உங்க அக்காகிட்ட சொல்லு, ரெண்டாவது காட்சியில கொஞ்சம் வலது பக்கமா நகர்ந்து நிக்கணும்னு."

அக்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட சொல்லு, நான் இருபத்திரண்டு வருஷமா வலது பக்கம்தான் நகர்றேன்னு."

இரண்டையும் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை? தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு லீவு இல்லை.

மூன்றாவது காட்சி. மணப்பெண் ஜன்னலைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். அக்கா சொன்னாள். அதோடு நிறுத்தினாளா? "வயசுதான் சரியாத் தெரியல" என்று சேர்த்துக்கொண்டாள்.

சனம் சிரித்தது. மாமா விடவில்லை. "தெரியலன்னா பேப்பர்ல போட்டிருக்காங்க. வாங்கிப் படி."

நாடகத்தை எப்படியாவது பழைய தடத்துக்குக் கொண்டுவர வேண்டுமே என்று, அடுத்த வசனத்தை அலமாரிக்குள்ளிருந்து சத்தமாகவே சொல்லித் தொலைத்தேன். அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்கும் சிரிப்பு. முடிந்ததும் அரங்க மேலாளர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த அலமாரி பேசுற இடம் இருக்கே, பிரமாதம் சார்."

மார்ச் 9, திங்கள்

அக்கா இன்று பெரிய தபாலாகக் கொடுத்தாள். மாமா இனிமேல் அப்பா வேஷம் போட வேண்டும், தாடி மாப்பிள்ளையாக நடிக்கட்டும்.

மாமா வேன் நிழலில் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, "அப்ப இவ மட்டும் மணப்பொண்ணாவே இருப்பாளாமா?" என்றார்.

திரும்பிப் போனேன். "நானும் இறங்கிக்கறேன்னு சொல்லு. தாடியோட பொண்டாட்டி மணப்பொண்ணா வரட்டும். நான் வேலைக்காரியா பெருக்கிட்டுப் போறேன்."

மறுபடி வேன் நிழல். மாமா ஒரே சொல் சொன்னார்: "முடியாது."

மார்ச் 11, புதன்

தாடியின் தாடை வீங்கிவிட்டது. மிளகாயைத் தேய்த்ததுபோலச் சிவப்பு. தோல் டாக்டர், ஒரு மாதத்துக்குப் பசையே தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளைக் களிம்பு கொடுத்திருக்கிறார். நாளை புது ஊரில் நாடகம். ஒட்டுத் தாடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருக்கிறேன். காதில் மாட்டிக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடிபோலத்தான்.

மார்ச் 12, வியாழன்

மூக்குக்கண்ணாடி போல இல்லை.

கடைசிக் காட்சியில் தொலைந்துபோன மகனை அப்பா கட்டிப்பிடிப்பார். கட்டிப்பிடித்தான். விலகும்போது தாடி, மாமாவின் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. இவன் இந்தப் பக்கம் வருகிறான், தாடி அந்தப் பக்கம் போகிறது. எலாஸ்டிக் பட்டென்று அறுந்தது. தாடை முழுக்கக் களிம்போடு, பல் துலக்கும்போது பாதியில் ஓடிவந்தவன் மாதிரி தாடி நின்றான். மாமாவின் நெஞ்சில் அவன் தாடி, பதக்கம்போலத் தொங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதியில் முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது: "அம்மா, அந்தத் தாத்தாதான் பிள்ளையா?"

பிறகு சிரித்தார்கள் பாருங்கள். உதவி செய்வதாக நினைத்து டிரைவர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார். இருட்டில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மாமா மிச்ச வசனத்தை இருட்டிலேயே சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை தப்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நான் தாடியை அலசிக்கொண்டிருந்தபோது மாமா வந்து பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"எனக்கு வயசு தெரியாதுன்னு நினைக்கிறீங்களா எல்லாரும்? படியேறினா மூட்டு சொல்லுது."

"அப்புறம் ஏன் மாமா இந்தப் பிடிவாதம்?"

என் கையிலிருந்த தாடியை வாங்கிப் பிழிந்தார். "மூணாவது காட்சியில ஜன்னலைத் திறந்து உங்க அக்கா என்னைப் பார்க்கிறா இல்ல, அந்தப் பார்வை. வேன் டயர் பஞ்சர்னு சொல்றப்ப அப்படிப் பார்க்க மாட்டா. துண்டைக் கட்டில்ல போட்டா அப்படிப் பார்க்க மாட்டா. நாடகம் நடக்கிற அன்னைக்கு, ஒரு நிமிஷம். அவ்வளவுதான் மிச்சம் இருக்கு. நான் அப்பா வேஷத்துக்குப் போயிட்டா அந்த ஜன்னல் எனக்கு இல்லம்மா."

போகும்போது, "இதை அவகிட்ட சொல்லாதே" என்றார். ஒரு வாரமாக எதைச் சொன்னாலும் 'சொல்லு, சொல்லு' என்றவர். இதை மட்டும் சொல்லக் கூடாதாம்.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன்.

தப்புதான். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொண்டுபோன தபாலிலேயே, கொண்டுபோகத் தகுந்தது அது ஒன்றுதானே?

அக்கா கண்ணாடி முன்னால் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். கை நின்றது. "இந்த மனுஷன் இதை என்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா?" பிறகு மற்றப் புருவத்தையும் திருத்தி முடித்தாள். அது கொஞ்சம் கோணலாகிவிட்டது.

நான் எழுந்து போகும்போது கேட்டாள். "நாடகத்துல அந்த அப்பாவுக்குப் பொண்டாட்டி எங்க?"

"செத்துப்போயிட்டாங்கக்கா. ரெண்டாவது காட்சியில வசனம் வருதே."

"உயிரோட கொண்டுவரச் சொல்லு."

மார்ச் 15, ஞாயிறு

மாமாவுக்கு முதலில் கோபம், நான் உளறிவிட்டேன் என்று. அதைத் திட்டி முடித்த பிறகுதான் விஷயம் உள்ளே இறங்கியது.

"இருபத்திரண்டு வருஷமா செத்துக் கிடக்கிறவ திடீர்னு எப்படிம்மா வருவா?"

"ஊருக்குப் போயிருந்தாங்கன்னு வச்சுக்கோங்க மாமா."

அரங்கத்தின் பின்பக்கம் இங்குமங்கும் நடந்தார். பேனா கேட்டார். பேனா எழுதவில்லை என்றார். வேறு கொடுத்தேன். அப்புறம், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அவளுக்கு எத்தனை வசனம் வேணுமாம்?" என்று கேட்டார்.

மார்ச் 18, புதன்

புது வேஷங்களோடு ஒத்திகை. தாடிக்கும் அவன் மனைவிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். ஜன்னலைத் திறந்து அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "என்னால முடியாதுக்கா. இவரு காலையில களிம்போட குறட்டை விட்டது ஞாபகம் வருது." பதினோரு தடவை திறந்தாள். பதினோரு தடவையும் சிரித்தாள். கடைசியில் மாமா, "சிரிக்கட்டும் விடு, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவர் இதுவரை யாரையும் அப்படி விட்டதில்லை.

மாமா நான்கு நாளாகச் சவரம் செய்யவில்லை. முளைத்தது அத்தனையும் வெள்ளை. பசை வேண்டாம், எலாஸ்டிக் வேண்டாம். அக்காவிடம் இன்னும் நேராகப் பேசவில்லை. ஆனால் தபாலும் குறைந்திருக்கிறது.

மார்ச் 21, சனி

மாற்றிய நாடகத்தின் முதல் நாள். அலமாரிக்குள் வசனப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்தேன்.

மகன் வீடு மாறிப் போனதற்கு யார் காரணம் என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போடும் காட்சி. மாமா எழுதியது ஆளுக்கு ஆறு வசனம். ஆறும் முடிந்தது. அக்கா மேடையை விட்டுப் போகவில்லை.

"விலாசத்தை நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? உங்க கையெழுத்தை உங்களாலேயே படிக்க முடியாதே."

புத்தகத்தில் இல்லை. பக்கத்தைப் புரட்டினேன், திருப்பிப் புரட்டினேன். எங்கேயும் இல்லை.

"படிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் இத்தனை வருஷமா ஏன் என்கூடவே இருக்கே?" என்றார் மாமா.

"வேற யாரு படிப்பா?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அலமாரி இடுக்கு வழியாக எனக்கு அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. சிரிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு ஜன்னல் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த வசனம் மாமாவுடையது. அவருக்கு வார்த்தை வரவில்லை. எடுத்துக் கொடுக்க என்னிடமும் வசனம் இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

நாடகம் முடிந்ததும் ஒரு அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து அக்காவிடம் கேட்டாள். "உங்களுக்குப் புருஷனா நடிச்சாரே, அவரு நிஜத்துலயும் இப்படித்தான் சண்டை போடுவாரா?"

"நிஜத்துல பத்து நாள் பேசவே மாட்டார். இது எவ்வளவோ தேவலை."

"பேசவிட்டாத்தானே" என்றார் மாமா, தலையைத் துவட்டிக்கொண்டே. ஈரத் துண்டை என் இஸ்திரி மேஜைமேல் போட்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இது வேறு பார்வை. துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

நான் துணிகளை மடித்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு பேரையும் காணோம். டீ குடிக்கப் போயிருக்கிறார்களாம். டிரைவர்தான் சொன்னார்.

என்னைக் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட்டிருந்தால் ஏதாவது ஒரு தபாலோடு போய் நடுவில் உட்கார்ந்திருப்பேன். அலமாரிக் கதவைச் சாய்த்துவிட்டு, தாடியின் மனைவியிடம் ஒரு டம்ளர் டீ வாங்கி உட்கார்ந்து குடித்தேன். சூடு ஆறுவதற்குள் முழுசாகக் குடித்து முடித்தேன்.