வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன்

என் ரெஜிக்கு, மேனாம்பேட்டு வீட்டிலிருந்து.

முதலில் சிரிப்புச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் போய்விட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு மல்லிகாதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கத்தினாள். "அண்ணாத்தே, இன்னா ஸ்டைலு இது? தையலெல்லாம் வெளிய கீதே! எங்க ரெஜினாக்கா இருந்தா உன்ன இப்டித் தெருவுக்கு உட்டுருக்குமா?"

"உட்டுருக்காது" என்றேன். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இல்லை, ரெஜி. தனியாக இருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயிலில் அச்சடிக்கிற பங்கு மடலில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே விளக்கிச் சொல்வேன், 'எனக்கே சொல்றியா' என்று முறைக்காதே.

எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். விமானத்திலிருந்து குதிக்கப் பயமாக இல்லையா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பயம் ஏன் இருக்காது? கதவைத் திறந்ததும் கை தானாக ஓரக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்து வெளியே வைத்துவிட்டால் அப்புறம் பயப்பட நேரம் கிடையாது, வேலை இருக்கிறது. வீரம், சாகசம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒழுங்காக மடித்துக் கட்டு, ஒழுங்காகப் பார், இழுக்க வேண்டிய உயரத்தில் இழு. இதில் வீரம் எங்கே வந்தது? ஆவடி பஸ்ஸில் ஒற்றைக் கால் படியில், மற்றதெல்லாம் காற்றில் என்று தொங்கிப் போகிறவனைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நீ சொல்வாயே, "ஏறின வண்டியில ஒழுங்கா எறங்கத் தெரியாத ஆளு" என்று. விருந்தாளிகள் முன்னால்கூடச் சொல்வாய். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். உண்மைதானே? அத்தனை வருஷத்தில் ஏறிய விமானத்திலேயே உட்கார்ந்து தரையிறங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

விழும்போது காதடைக்கிற இரைச்சல். பாராசூட் விரிந்ததும் சட்டென்று ஓர் அமைதி வரும் பார், அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன். கீழே எங்கேயோ ஒரு நாய் குரைப்பதுகூடக் கேட்கும். இப்போது அந்த அமைதி நம் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இருக்கிறது. இங்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

முதுகு விஷயத்துக்கு வருகிறேன். குதிக்கிறவனுக்குப் பாராசூட் முதுகில் இருக்கிறது. அந்தப் பையைப் பூட்டி வைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஓர் ஊசி. அது வளைந்திருந்தாலும் நழுவியிருந்தாலும் மாட்டியிருக்கிறவனுக்குத் தெரியாது, அவன் முதுகை அவன் பார்க்க முடியாதே. அதனால் கதவு திறக்கும் முன்னால் பக்கத்தில் இருக்கிறவனிடம் முதுகைக் காட்ட வேண்டும். அவன் தொட்டுப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டி "சரி" என்பான். உடனே அவன் திரும்புவான், நீ அவன் முதுகைப் பார்க்க வேண்டும். ஒருத்தன் காட்டிவிட்டு மற்றவனைப் பார்க்காமல் போனால் அவனோடு அப்புறம் ஒருத்தனும் ஏற மாட்டான். இத்தனை வருஷத்தில் நான் மதித்த சட்டம் இது ஒன்றுதான்.

விமானப்படையை விட்டு எண்பத்து மூன்றில் நான் ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை, காலை ஷிப்டு. சைக்கிளை எடுக்கும் முன் வாசலில் உனக்கு முதுகைக் காட்டி நிற்பேன். நீ காலரை இழுத்துவிடுவாய், நூல் தொங்கினால் பல்லால் கடித்து எடுப்பாய், அப்புறம் தோளில் இரண்டு தட்டு. "சரி, குதி!" தெருவே சிரிக்கும். பதினோரு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூடத் தட்டுவாய்.

ஆவடி மைதானத்தில் பள்ளிக்கூட விழாவுக்காக நாங்கள் நாலு பேர் குதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பார்க்க வேண்டும் என்று அழைத்துப்போனேன். நீயோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாய். காற்று தள்ளி நான் மைதானத்தை விட்டு ஏரிச் சேற்றில் போய் விழுந்தேன். முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து நின்றவனிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "மேல உன் முதுக யாரு பாத்தது?" என்பது.

"மரியதாஸ்."

"நல்லா பாத்தாரா?"

மரியதாஸைக் கூப்பிட்டு விசாரித்தபிறகுதான் என்னை வீட்டுக்குள் சேர்த்தாய்.

நான் உன் முதுகைப் பார்த்தேனா, ரெஜி? பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது?

தொண்ணூற்று நாலு. பெங்களூர்ப் பக்கம் பழைய சகாக்களோடு பத்து நாள் குதிப்பு முகாம். மரியதாஸ் வேனோடு தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். நம் பொண்ணு ஷீலா வேலைக்குப் போய்விட்டாள். நான் பையோடு வாசலில் நின்றேன், நீ தட்டினாய், "சரி, குதி" என்றாய். அன்றைக்கு மட்டும் நான் உடனே கிளம்பவில்லை, ஏனென்றால் நீ திரும்பி நின்றுவிட்டாய். முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, "எனக்கும் பாரேன். நாலு நாளா முதுகுல ஒரு கட்டி. நோவுது, கை எட்ட மாட்டேங்குது" என்றாய்.

மறுபடியும் ஹாரன். நான் சொன்னேன், "வந்து பாக்கிறேன் ரெஜி."

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

அந்தத் திடலில் போன் கிடையாது. பத்தாம் நாள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மல்லிகா ஓடிவந்து, "அண்ணாத்தே, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றாள். ராஜபிளவை என்றார்கள். உனக்குத்தான் சர்க்கரை இருந்ததே. முதுகில் புறப்பட்ட கட்டி உள்ளேயே புரையோடி, விஷம் ரத்தம் முழுக்க ஏறிவிட்டது. கட்டில் அருகே நான், ஷீலா, உன் அண்ணன் ஆரோக்கியம். டாக்டர் கோபமாகக் கேட்டார், "இவ்வளவு பெரிசா ஆகுற வரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் அவரைப் பார்த்து, "சொல்லல டாக்டர். நாந்தான் உட்டுட்டேன்" என்றாய்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, ரெஜி. ஷீலாவிடம் ஏன் காட்டவில்லை? மல்லிகாவிடம் ஏன் காட்டவில்லை? பொண்ணு பயந்துவிடுவாள் என்று நினைத்தாயா? இல்லை, வந்து பார்க்கிறேன் என்று நான் சொன்னதை நம்பி, பத்து நாளும் எனக்காகக் காத்திருந்தாயா?

அன்றிலிருந்து நம் சொந்தத்தில் உன் கதை ஒன்றுதான். அழுத்தக்காரி, வலியை மறைத்து வைத்துச் செத்துப்போனாள். உன் அண்ணன் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் சொல்கிறார், "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா எந்தங்கச்சி இன்னிக்கும் இருக்கும் மச்சான்." நான் தலையை ஆட்டுகிறேன். இரண்டு வருஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நீ போன ஆறாம் மாசம் மரியதாஸ் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். மேலே ஏறினோம். அவன் என் முதுகைப் பார்த்தான், தட்டினான், திரும்பி நின்றான். என் கை எழவில்லை. "இன்னாடா, பாருடா" என்கிறான். அந்த முதுகில் கையை வைத்துச் 'சரி' என்று சொல்ல நான் யார்? அன்றைக்கு ஏறிய வண்டியிலேயே உட்கார்ந்து இறங்கினேன். நீ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாய். அப்புறம் நான் ஏறவில்லை.

இப்போது வீட்டுச் சேதி. ஷீலாவுக்குப் போன வருஷம் கல்யாணம் செய்து கொடுத்தேன். மாப்பிள்ளை பூந்தமல்லி, நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். அவளுக்கு இப்போது ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டுமே என்று உன் அறையை ஒழித்து நானே சுண்ணாம்பு அடித்தேன். ஞாயிறுதோறும் திருவேற்காடு வழியாக வேன் பிடித்து வந்துவிடுவாள், எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த அந்த அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண் பிறந்தால் உன் பெயரை வைக்கலாமே என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"வேணாம்ப்பா."

"ஏம்மா?"

"சொல்லாமலே செத்துப்போனவங்க பேரு எம்பொண்ணுக்கு வேணாம். பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தேன்பா நானு. எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலியே அதுக்கு. நான் அவ்ளோ வேண்டாதவளா போயிட்டேனா?" என்றாள். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எனக்குக் குழம்பு வைத்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வாசல், வேன், ஹாரன், முந்தானையை விலக்கி நீ நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுகை நின்றுவிட்டது. "அம்மா காட்டுச்சா?" என்றாள்.

"காட்டினா."

"நீ பாக்கல."

"பாக்கலம்மா."

"ஆஸ்பத்திரில, சொல்லலன்னு அது சொன்னப்பவும் சும்மா நின்னுகினு இருந்த."

"ஆமா."

எழுந்து பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். வேன் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பவே இல்லை. அவள் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு, நான் அடித்த சுண்ணாம்பு. "ஷீலா, முதுகுல சுண்ணாம்பு கீதும்மா" என்றேன். நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை, நின்றாள். நான் தட்டிவிட்டேன், கடைசித் தூள் போகும் வரைக்கும் தட்டினேன். 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மூன்று ஞாயிறு ஆயிற்று, வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு நாள் எஸ்டேட் வாசலில் வந்து நின்று, "உடம்பு நல்லா இருக்குது மாமா, சர்க்கரை பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அறையில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. நான் ஒருத்தன் சாப்பிட்டு, ஒருத்தன் தட்டைக் கழுவி, வாசலில் வந்து பழக்க தோஷத்தில் ஒரு நிமிஷம் முதுகைக் காட்டி நிற்கிறேன். அப்புறம் சைக்கிளை எடுக்கிறேன்.

பிரசவத்துக்கு வருவாளோ, வர மாட்டாளோ, தெரியாது. பேத்திக்கு உன் பெயரை வைப்பாளோ, அதுவும் தெரியாது. ஆனால் ஒன்று, ரெஜி. அவள் கோபம் இப்போது உன் மேல் இல்லை. மொத்தமும் என் மேல் வந்துவிட்டது. அது இருக்க வேண்டிய இடம் இதுதான்.

கல்லறைத் திருநாளுக்கு உன் அண்ணன், அண்ணி, சொந்தக்காரர்கள் எல்லாரும் மெழுகுவத்தியோடு உன்னிடம் வருவார்கள். வழக்கம்போல அவர் ஆரம்பிப்பார், "ஒரு வார்த்த சொல்லிருந்தா" என்று. இந்தத் தடவை நான் தலையை ஆட்ட மாட்டேன். இந்தக் கடிதம் அச்சில் வரும் முன்னால், உன் கல்லறைப் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "சொன்னா மச்சான், எங்கிட்ட சொன்னா" என்று சொல்லுவேன். உனக்குக் கொடுத்த ஒரு வாக்கைத் தவறவிட்டேன். இது தவறாது.

ஷீலா என்னை அப்பா என்று கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்,
உன் ஷீலாப்பா