ஷீரடி போகாத திராட்சை

ஜன. 31, சனி. நாசிக்

நல்ல குளிர். ப்ரியாவின் அக்கா வீட்டில் ஹீட்டர் ரிப்பேர், பச்சைத் தண்ணீர்க் குளியல். ஸ்வெட்டர் ஃபர்ஹானாவுடையது. ஸ்கேன் சென்டரிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து வந்த முதல் டூர்.

ஒயின் தோட்டம் போனோம். நம் பக்கம் கரும்பு மாதிரி இங்கே திராட்சை. உள்ளே பெரிய எவர்சில்வர் டாங்கிகள். புளித்த வாடை. ஊரில் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வருமே, அது.

டிக்கெட்டிலேயே ஐந்து கிளாஸ் சேர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய். சுழற்று, முகர், வாயில் வைத்துப் பார், வாளியில் துப்பு. சுற்றிக் காட்டியவர் செய்து காண்பித்தார். ஃபர்ஹானா தலையை ஆட்டினாள், "எனக்கு ஜூஸ்." அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு தலையாட்டல் வரவில்லை. நீட்டியதும் வாங்கிக்கொண்டேன்.

அதைவிட மோசம், துப்பக் கூச்சம். அத்தனை பேர் முன்னால் எப்படி? விழுங்கினேன். ஐந்தும்.

"ஏண்டி கவி, துப்பத்தானே சொன்னாங்க!" என்றாள் ப்ரியா.

மூன்றாவது கிளாஸ் நன்றாக இருந்தது.

பிப். 1, ஞாயிறு

ஷீரடிக்கு ஆறு மணி பஸ். நான் எழுந்தது பத்து. தலை பாரம். என்னால் ப்ரியாவும் போகவில்லை. வீட்டில் ஷீரடி என்று சொல்லிக் கிளம்பியபோது அது பொய் இல்லை.

வாங்கியவை: அம்மாவுக்கு வளையல். நேற்று ஒயின் தோட்டத்துக் கடையில் உலர்திராட்சை ஒரு கிலோ.

அப்பா போன். "சாமி பாத்தியா பாப்பா? கூட்டம் ஜாஸ்தியா?"

"சரியா கேக்கலப்பா, அப்புறம் பேசறேன்."

நன்றாகவே கேட்டது.

பிப். 4, புதன். நெல்லிக்குப்பம்

ரயில், பஸ், இடுப்பு வலி. ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசை. எங்கள் கரும்போடு எதிலாவது அப்பா உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தேன். இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.

அம்மா திராட்சைப் பையைப் பிரித்தாள். "பிரசாதமா? எம்மாம் குடுத்திருக்காங்க!" நான் துண்டை எடுத்துக்கொண்டு நழுவினேன். குளித்து வருவதற்குள் ஏழு வீட்டுக்குப் போய்விட்டது.

அப்பா சாயந்தரம் வந்தார். கை கழுவி, நாலு திராட்சையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணிக்கட்டில் போன வருஷக் கயிறு, சாயம் வெளுத்து. முதல் கயிறு எனக்குக் காலேஜ் சீட் கிடைத்த வருஷம் குடியை விட்டுக் கட்டிக்கொண்டது. தை கடைசி வெள்ளி தோறும் கடலூர் அம்மன் கோயிலில் புதுசு. கட்டுவது நான்தான், வேறு யாரையும் விட மாட்டார்.

"நாளன்னிக்கு லீவு போட்டுடு பாப்பா. சாமி பாத்துட்டு வந்த கை. இந்த வருஷம் பவர் ஜாஸ்தி."



பிப். 5, வியாழன். சிதம்பரம்

ஸ்கேன் சென்டரில் கூட்டம். இரண்டு பேருக்குப் பெயர் மாற்றிச் சீட்டு எழுதினேன். திட்டு.

மதியம் ஃபர்ஹானா: "உன்ன நம்பி கைய நீட்டுறாரு. கட்டறதுக்கு முன்னாடி சொல்லிடு. என்னா, அடிப்பாரா?"

அடித்தது குடித்த காலத்தில். இப்போது பயம் அது இல்லை. பாப்பாவே ருசி பார்த்தாள், நாமும் ஒரு வாய் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டால்?

வாங்க வேண்டியவை: கற்பூரம், பூ.

பிப். 6, வெள்ளி. கடலூர்

மூட்டம். கடல் காற்று. அம்மன் கோயிலில் குடியை விட்டுக் கயிறு கட்ட எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர். ஒருவர் கடைசித் தடவை என்று காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி, "நேரா நில்லுய்யா, ஆத்தா உன்னத்தான் பாக்குறா." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பூசாரி கயிற்றை என்னிடம் கொடுத்தார். அப்பா கையை நீட்டினார்.

"அப்பா, நான் ஷீரடி போகல. ஒயின் தோட்டத்துக்குப் போனோம். குடிச்சேன். அஞ்சு வாய்."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"நேரமாவுது, கட்டும்மா" என்றார் பூசாரி.

அப்பா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "எப்படி இருந்துச்சு?"

அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"கெட்டுப்போன ஜூஸ் மாதிரிப்பா. கொமட்டிக்கிட்டு வந்துது."

என் முகத்தையே பார்த்தார். "கட்டு."

மூன்று முடிச்சு. இறுக்கமாகவே போட்டேன்.

திரும்பும் பஸ் பாதி தூரம் வந்துவிட்டது. அப்பா கேட்டார், "அப்ப அந்தத் திராட்ச?"

"அங்க வாங்கனதுதான்."

கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். "உங்கம்மாகிட்ட சொல்லாத. ஏழு வூட்டுக்குக் குடுத்துட்டா."